எதிர்வாதாட அனுமதி கோரி

பதினைந்து நாள் என்று போட்டிருந்தது.
ஒட்டிவிட்டுப் போனவன்
பசையில் கஞ்சத்தனம் காட்டவில்லை.
பிய்த்தபோது
என் பெயரில் பாதி
கதவோடு தங்கிவிட்டது.

கீழே சபர்வால் டிவி பார்க்கிறார்.
கரோல் பாக்கில் இந்த மொட்டைமாடி அறை,
முப்பத்தொரு வருஷம்.
சண்டையென்று வந்ததெல்லாம்
தண்ணி மோட்டாருக்காகத்தான்.

"நேரே போய்ப் பேசிவிட முடியாது,"
என்றார் வக்கீல் பிம்லா டோக்ரா.
தீஸ் ஹஸாரியில் அவர் மேஜைக்கு ஒரு கால் குட்டை,
அடியில் யாருடைய வழக்கோ மடித்துச் செருகியிருந்தது.
"பேசுவதற்கு முதலில் அனுமதி கேட்க வேண்டும்.
கேட்காவிட்டால்
அவர் சொன்னதெல்லாம் நீங்கள் ஒப்புக்கொண்டதாகும்.
நான்கு நாள் போய்விட்டது, தெரியுமா?"

அமைச்சகத்தில் இருபத்தெட்டு வருஷம்
பிறர் சொன்னதை மூன்று பிரதி தட்டச்சு செய்தவன் நான்.
மௌனம் சம்மதம் என்று
சட்டத்துக்கும் யாரோ
சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மகன் லவ்லீஷ் கனடாவிலிருந்து
குடும்பத்தோடு திரும்புகிறானாம்.
மெய்யான தேவை என்கிறது மனு.
இருக்கலாம்.
அவன் டைபாய்டில் கிடந்தபோது
பாதி ராத்திரியில் ஆட்டோ பிடித்தவன் நான்,
ஆனால் அது எதிர்வாதம் ஆகாது.

"வேறு வீடு உண்டா அவருக்கு?"
உண்டு. ரோகிணி, மூன்றாம் மாடி.
"எப்படித் தெரியும்?"

புதுவீட்டுக்கு ஒரு மதராசி தேங்காய் உடைத்தால் நல்லது என்று
யாரோ சொன்னார்களாம்,
ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார்.
ஒரே அடி, சரிபாதி.
அவர் மனைவி கைதட்டினாள்.
நெய் வழிய இரண்டு லட்டு,
ஒன்றைக் கைக்குட்டையில் கட்டி...

டோக்ராவின் பேனா நிற்கவில்லை.
"லட்டு வேண்டாம்.
எத்தனை வருஷமாய்ப் பூட்டிக் கிடக்கிறது?"

பத்தி ஆறு: மேற்படி வீடு
கடந்த ஏழாண்டாகக் காலி.

வாடகை முந்நூற்று நாற்பது.
மணியார்டர் 'வாங்க மறுத்தார்' என்று திரும்பியது.
கோர்ட்டிலேயே கட்டலாமாம், கட்டினேன்.
ரசீது தந்தார்கள்.
சபர்வால் ஒரு மாசமும் தந்ததில்லை,
நான் கேட்டதும் இல்லை.

பதினாலாம் நாள், நோட்டரி முன்னால்
'இவையனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை'
என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டேன்.
உண்மைதான்.
அந்தத் தேங்காயும் உண்மைதான்.

சாயங்காலம் படியேறுகிறேன்,
பால் பாக்கெட்டோடு அவர் இறங்குகிறார்.
வழிவிட இருவரும் ஒதுங்கினோம்
ஒரே பக்கம்.
மறுபடியும்
ஒரே பக்கம்.