ஒட்டு

"யூ பாட்ச்டு இட்" என்றார் பெள்ளியப்பா மேடம்.
எனக்குப் பேட்ச் என்று கேட்டது.
ராத்திரி இரண்டரைக்கு நான் போட்டதும் அதுதானே.
"தேங்க்யூ மேடம்" என்றேன்.

கண்ணாடி அறைக்குள் ஆறு பேர்
தங்கள் தங்கள் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆயிரத்து நானூறு பேருக்கு
சம்பளம் இரண்டு தடவை போயிருந்தது.

வெளிவட்டச் சாலையில் பஸ் நின்றுவிட்டது.
மழை.
முன் சீட்டுக்காரர் யாரிடமோ கன்னடத்தில்
"இங்கேயேதான் இருக்கேன், அரை மணியா இங்கேயேதான்" என்கிறார்.
அகராதியைத் திறந்தேன்.

அரைகுறையாகச் செய்து கெடுத்தல், என்றது.
எடுத்துக்காட்டாக ஒரு வங்கிக் கொள்ளை,
ஓர் அறுவை சிகிச்சை, ஒரு முடிவெட்டு.
எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் கையை வைத்திருக்கிறார்.
மழையை யாரும் பாட்ச் பண்ண முடியாது.
சும்மா இருந்தவனைப் பார்த்து
இந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.
அந்த ஆறு பேரையும் சொல்ல முடியாது.

கடைசியில், சின்ன எழுத்தில்,
வழக்கொழிந்தது என்ற குறிப்போடு இன்னொரு பொருள்:
பழுதுபார்த்தல். ஒட்டுப்போடுதல்.

ஆக, நான் தப்பாகக் கேட்கவில்லை.
அறுநூறு வருஷம்
தாமதமாகக் கேட்டிருக்கிறேன்.

பெல்லந்தூரில் இறங்கினால் கணுக்கால்வரை தண்ணீர்.
இங்கிலீஷ்காரன் வார்த்தை
டப்பாவை மூடுவதுபோல் வாய்க்குள் மூடிக்கொள்கிறது.
நம்முடையது அப்படியில்லை,
சொதப்பல்,
ஈரம் காயாதது.
அறைக்குப் போகும்வரை ஒவ்வோர் எட்டுக்கும்
ஷூ அதைச் சொல்லிக்கொண்டே வந்தது:
சொத, சொத, சொத.

குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது.
போன வாரம் நாகேந்திரப்பா வந்து
எம்-சீலைப் பிசைந்து அப்பி
"ஆய்த்து மேடம்" என்று இருநூறு வாங்கிப் போனார்.
வெள்ளைக் கட்டியின் மேல்
அவர் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது.
நன்றாகத்தான் அழுத்தியிருக்கிறார்.
தண்ணீருக்கு அது தெரியவில்லை.

"உன் ஆளு சொதப்பிட்டாண்டி" என்று
ஜெசிந்தா உள்ளிருந்து கத்துகிறாள்.
நாகேந்திரப்பா எப்போது என் ஆளானார்
என்று கேட்க வாயெடுத்தேன்.
ஆமாம், என் ஆள்தான்.

லேப்டாப்பைத் திறந்து
மேடத்துக்கு மன்னிப்புக் கடிதம்.
அந்த வார்த்தையை முதன்முறையாகத் தட்டுகிறேன்,
நடுவில் ஒரு டி வருமென்று இன்றுதான் தெரியும்.
அடியில் சிவப்புக் கோடு விழவில்லை.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்து நானூறு பேரில்
பதினோரு பேர் பணத்தைத் திருப்பிவிட்டார்களாம்.
ஒருத்தர் நன்றி சொல்லி மெயில் போட்டிருக்கிறார்,
போனஸ் என்று நினைத்து.

குழாய்க்கடியில் வைத்த மக்
நிரம்பும் சத்தம் மாறிவிட்டது.
எழுந்துபோய்க் கொட்டிவிட்டு வருகிறேன்.