ஏழாம் பக்கம், பென்சிலில்

வேக்ஃபீல்டில் தந்தார்கள். நீல மட்டை,
பள்ளிக்கூடக் கொப்பியில் பாதி அளவு.
"இது உன்னிடமே இருக்கும்" என்று
மொய்ரா ஆறுதலாய் விளங்கப்படுத்த
தொலைபேசிக்குள் இருந்த தமிழ் இருமி இருமிச் சொன்னது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கிளினிக் கொப்பியைத்தானே சொல்கிறா!
சீனி வருத்தக்காரர் ஷொப்பிங் பையில் சுற்றி
ஆஸ்பத்திரி வாங்கில் விடியமுன்னம் இடம்பிடிக்கிற கொப்பி.

பெயர்: இளையதம்பி.
அது அப்பா.
திருத்தச் சொல்லவில்லை நான்.
அவரைக் கூப்பிடுவார்கள், நான் எழும்பிப் போவேன்,
என் விரலில் குத்துவார்கள்.
பதினாறு தசம் நாலு.
சீனியும் அவர் தந்ததுதான்.

ஒவ்வாமை: இல்லை.
இன்சுலின்: காலை பதினெட்டு, இரவு பத்து.
நெஞ்சுப் படம்: சுத்தம்.
ஏழாம் பக்கத்தில் ஒரு மனிதனின் கோட்டுப்படம்,
முன்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று,
உடுப்பில்லை, முகமில்லை.
தழும்பு குறிக்கிறதற்காம்.

முதுகில் பேனையை வைத்து
எப்படி வந்தது என்று கேட்டா.
தொலைபேசியும் கேட்டது.
அந்தக் குரல் எங்கள் பக்கத்து இழுவை.
யாருடைய மச்சானோ.
நான் யன்னலைப் பார்த்தேன்.
வெளியே ஒருவன் கார்க் கண்ணாடியில் உறைபனியைச்
சுரண்டிக்கொண்டிருந்தான், வங்கி அட்டையால்.

மொய்ரா பேனையை மூடினா.
"உன்ரை கொப்பி. வேண்டாமென்றால் இல்லை."

என்னைப் பற்றிய காகிதங்கள் எத்தனை!
வாசிக்கத் தெரியாத மொழியில்
கையெழுத்து வைத்தது ஒன்று
(வைக்க மறுத்த நாள்களின் கணக்குத்தான் அந்த முதுகு).
குரொய்டனில் அறுபத்திரண்டு கேள்வி ஒன்று.
எல்லாம் யாரோ ஒருவரின் அலுமாரியில்.
ஒன்றாவது
எழுதலாமா என்று என்னைக் கேட்கவில்லை.

பென்சில் எடுத்தா. எழுதினதை வாசித்துக் காட்டினா:
"காரணம் அவருக்குத் தெரியும். நீங்கள் கேட்க வேண்டாம்."

மூன்றாம் கிழமை, இரவு பதினொரு மணி,
கதவு தட்டி மிடில்ஸ்பரோ என்றார்கள். இருபது நிமிடம்.
இன்சுலின் பொதுக் குளிர்ப்பெட்டியில்,
குளிர்ப்பெட்டித் திறப்பு காவலாளியிடம்,
காவலாளி வீட்டில்.
கொப்பி ஜக்கெட்டுக்குள்.

அங்கே டொக்டர் ஒரு சின்னப் பெடியன்.
பதினெட்டு, பத்து என்று வாசித்தான்,
அன்றைக்கே ஊசி கிடைத்தது.
ஏழாம் பக்கத்தில் கொஞ்சநேரம் நின்றான்.
பிறகு, நித்திரை வருகுதா என்று மட்டும்.
தலையாட்டினேன், எங்கள் ஆட்டல்.
ஓமென்று எழுதினானோ இல்லையென்றோ.

விடுதி மேலாளர் போட்டோக்கொப்பி எடுக்கக் கேட்டான்,
ஃபைலில் போடவாம்.
நோ, என்றேன்.
இந்த நாட்டில் நான் பிழையில்லாமல் சொன்ன முதல் வசனம்.

தாளும் தாளும் உரசி
இப்போது பென்சில் வரி மங்குகிறது.
மேலே பேனையால் எழுதிவிடு என்கிறான்
பக்கத்துக் கட்டில் தெக்லே.
தன் பேனையை இரண்டு தரம் தந்தான்.
மேசையில் கிடக்கிறது.