நான்காவது வேண்டாம்

எங்கள் ராஷ்த் நகரத்தில்
முதல் 'வேண்டாம்' யார் காதிலும் விழாது.
இரண்டாவது, மரியாதை.
மூன்றாவதைச் சொல்லி முடிப்பதற்குள்
தட்டு நிறைந்திருக்கும்.

எலும்பு மருத்துவருக்கு இது தெரியாமலா?
நோயாளி யாரோ கொடுத்த பிஸ்தா டப்பா
அவர் மேசையிலேயே திறந்து கிடந்தது.
அதைச் சற்று நகர்த்திவிட்டுத்தான்
சீட்டில் எழுதினார்:
பன்னிரண்டு கிலோ, ஆறு மாதம்.
அப்புறம் முழங்காலைப் பார்க்கலாம்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன்.
என் இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு.
பழகுகிறவர் எந்தச் சுவரில் முட்டப்போனாலும்
என் கால் போதும்.
அக்கா வீட்டு விரிப்பில் அப்படி எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை. மழை, வேறென்ன.
காலணியைக் கழற்றும்போதே மூக்குக்குத் தெரிந்துவிட்டது:
அக்ரூட் அரைத்து, மாதுளைச் சாறு விட்டு,
நேற்று மாலையிலிருந்து கொதித்துக் கறுத்த வாத்துக் குழம்பு.
பக்கத்தில்
ஏழு வருடம் காடியில் ஊறிய பூண்டு.

"உன் கை நோகாதிருக்கட்டும் அக்கா, போதும்."
ஒரு வாத்துக்கால் வந்தது.
"வயிற்றில் இடமில்லை."
காந்தல் சோற்றின் நடுப்பகுதி வந்தது,
பொன் நிறத்தில், கையாலேயே ஒடித்து,
அத்தானுக்குக்கூடக் கொடுக்காதது.
"சத்தியமாக..."
"சாப்பாட்டுமேல் சத்தியம் செய்யாதே,"
என்றார் அத்தான் ஹூஷங், வாய் நிறைய.

நான்காவது முறை
தட்டின்மேல் கையை விரித்து மூடினேன்.
குழம்பு விரலில் விழுந்து சுட்டது.
ஒருவரும் சிரிக்கவில்லை.

ஃபராங்கீஸ் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.
"எங்கே வலிக்கிறது, ஈரஜ்?"

அந்த வீட்டில் கடைசியாகத்
தட்டைக் கையால் மூடியவன் பஹ்ராம் அண்ணன்.
வயிறு சரியில்லை, அவ்வளவுதான் என்றான்.
அது இலையுதிர் காலம்.
நவ்ரூஸ் வருவதற்குள் அவன் பெல்ட்டில்
மூன்று புதிய துளைகள்,
ஆணியைச் சூடாக்கி அக்காவே போட்டுக் கொடுத்தவை.

நானோ அன்று காலை
என் பெல்ட் ஒரு துளை உள்ளே போனதை
அவளிடம் காட்டத்தான் கிளம்பி வந்திருந்தேன்.
சட்டையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மருத்துவர் சீட்டை எடுத்து நீட்டினேன்.
கண்ணாடி இல்லாமல் படித்தாள்.
கண்ணாடி போட்டுப் படித்தாள்.
பின்பக்கம் எதையாவது ஒளித்திருக்கிறேனா என்று
திருப்பியும் பார்த்தாள்.
"முழங்கால் மட்டும்தானே?"
"முழங்கால் மட்டும்தான்."
மூக்கை முந்தானையில்... இல்லை, மேசைத்துணியில் துடைத்தாள்,
அது அவளுடைய நல்ல மேசைத்துணி.
பிறகு சொன்னாள்:
"பன்னிரண்டு எதற்கு? எட்டு போதும்."

கிளம்பும்போது காரில் ஒரு பானை ஏறியிருந்தது.
அதற்கு சீட் பெல்ட்டும் போட்டிருந்தாள்.
நான் வழக்கமாக உட்காரும் இடம்,
காலடியில் என் பிரேக்,
மேலே மூடியின் ஓரமாக ஆவி.
வழி முழுக்க
மெதுவாகத்தான் ஓட்டினேன்.

வீட்டில் ஒரு கரண்டி தின்றேன். ஒன்றே ஒன்று.
"புளிப்பு சரியாக இருந்ததா?" என்று
ராத்திரி அவள் கேட்பாள்,
எனக்குப் பொய் ஒழுங்காக வராது.
மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் முனக,
மாடியில் தனியாக இருக்கும் கியூமர்ஸ் கதவைத் தட்டினேன்.
மனுஷன் மூன்று முறை மறுத்தார்.
நான்காவது முறைக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.

பானையைக் காலியாகத் திருப்பித் தரும் பழக்கம்
எங்கள் ஊரில் கிடையாது என்பது
மறுநாள் காலை மணி அடித்தபோதுதான் உறைத்தது.
உள்ளே ஃபூமன் கலூச்சே,
அக்ரூட் பூரணம் வைத்தது, அப்போதுதான் சுட்டது,
முத்திரைப் பூ அழியாமல் அடுக்கி.

"வேண்டாம்" என்றேன்.
அவர் அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தார்.