கதவு எண் 114

சம்மனை ஒட்டிப் போனது
141-இன் கேட்டில்.
அங்கே அன்று நாய் மட்டும்தான் இருந்தது.

நாங்கள் 114. சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.

ஏலத்துக்கு நாலு நாள் முன்பு
யாரோ ஒருவர் வந்து
என் சமையலறையை டேப் வைத்து அளந்தார்.
பால் பொங்கி வழிந்தது.
அணைக்கக் கை வரவில்லை.

பிஸ்கட் டின்னோடு ரசீதுகளை
டர்பன் கோர்ட்டுக்கு எடுத்துப்போனார் தேவராசன்.
வங்கி வக்கீல் டின்னைப் பார்த்துச் சிரித்தார்.

நீதிபதி கேட்டது ஒன்றுதான்:
"குடியிருக்கும் வீடென்று
என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

வக்கீல் காகிதம் புரட்டினார்.
புரட்டிக்கொண்டே இருந்தார்.

தீர்ப்பு ரத்து. ஏலம் இல்லை.
கடன் மட்டும் இருக்கிறது, இன்னும் ஒன்பது வருஷம்.

வரும்போதே வழியில்
சிவப்புப் பெயின்ட் வாங்கினோம்.
ஒன்று, ஒன்று, நான்கு:
தெருமுனையிலிருந்தே
குருடனுக்கும் தெரியும்.