உப்புத் தண்ணி

வில்லாபுரத்தில் போர் போட்ட தண்ணி.
குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்திருக்கும்,
பருப்பு வேகாது.
"மலாவி மீனுக்கு இதேதான் சார் வேணும்"
என்றார் மீன்கடை அபுதாகிர்.

மஞ்சள் லேபைக் காட்டினேன். தலையாட்டினார்.
நீலக்கோட்டு டெமசோனி?
"ரெண்டு வாங்கினா ஒண்ணு செத்துரும்.
பன்னெண்டா வாங்குங்க,
யாரை அடிக்கிறதுன்னு தெரியாமத் திரியும்."
அவுராட்டஸ் பக்கம் நகர்ந்ததும்
தொட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

தொட்டி எத்தனை அடி,
பொந்து வைக்கக் கல் இருக்கா,
ஏற்கெனவே உள்ளது என்ன தின்கும்,
எல்லாம் விசாரித்தார்.

போன மாசம் வாடகைக்கு அலைந்தபோது
ஏழு வீட்டில் ஒரே கேள்விதான்:
"நீங்க எந்த ஆளுக?"
எட்டாவது வீட்டம்மா மட்டும்
தண்ணி உப்பு, பரவாயில்லையா என்றார்.

அவனியாபுரம் பஸ்ஸில்
மடியில் ஆறு மஞ்சள்.
பக்கத்து சீட்டுப் பையன்
பையை விரலால் தட்டுகிறான்.