நூலோட்டம்

தேக்கா மேல்மாடியில் என் கடை எண்ணைத்
தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.
ஒரு மாதத் தாடி. பில்லுக்குப் பெயர் கேட்டேன்:
நிசிம்.
பைக்குள் இரண்டு துணிகள்,
வெள்ளைச் சட்டை ஒன்று, சாம்பல்நிற கவுன் ஒன்று.

இரண்டும் கழுத்தடியில் கிழிந்திருந்தன.
கவுனில் வலப்பக்கம், நாலு விரற்கடை.
சட்டையில் இடப்பக்கம், நெஞ்சு தெரிகிற அளவுக்கு.
கத்தரி தொடங்கிவைத்துக்
கை முடித்த கிழிசல்.
நூல் அறுந்த விதத்தில் எனக்குத் தெரியும்.

“ஆணி மாட்டிடுச்சா?”
“அப்பா,” என்றார்.

சுவா சூ காங்கில் புதைத்த அன்று கிழித்தது.
பிறகு ஏழு நாள்
வீட்டுக் கண்ணாடிகளுக்குப் போர்வை,
உட்காரத் தாழ்ந்த பலகை,
வந்தவரை வாங்க என்று கேட்காத வாசல்.
முதல் சாப்பாடு பக்கத்து வீட்டு அவித்த முட்டை.
எங்களிலும் அன்று அடுப்பு எரியாது என்றேன்.
எங்களிலும் போயிட்டு வரேன் சொல்ல மாட்டோம்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன்.
கிழிந்தது எங்கே என்று
கிழித்தவருக்கே தெரியாமல் தைப்பேன்,
அதுதான் எனக்குப் பெயர்.

“வேண்டாம்.
அம்மா கவுனை எப்படி வேணும்னாலும் தைங்க,
முப்பது நாள் ஆயிடுச்சு.
என் சட்டைக்கு வெறும் நூலோட்டம்.
பெருசா, கோணலா, தெரியுற மாதிரி.
பெத்தவங்களுக்குக் கிழிச்சதை
ஒழுங்கா மூடக் கூடாது.”

“அறுபது வருஷம் கூட இருந்தவங்க மூடலாமா?”

“நானும் கேட்டேன்.
புருஷன் இன்னொருத்தன் கிடைப்பான்னு
சட்டம் நினைக்குதுடா, எனக்கு எண்பத்து மூணு வயசுன்னு
அதுக்கு யாராவது சொல்லுங்கன்னாங்க.
அப்பா போன பிறகு முதல் சிரிப்பு.”

நாளைக்கு வருவதாகச் சொல்லி நடந்தார்.
வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில்
பத்து ஆண்கள் கூடினால்தான்
அப்பாவுக்கான வேண்டுதலைச் சொல்ல முடியும்.
அதில் சாவு என்ற சொல்லே கிடையாதாம்.
எட்டுப் பேர்தான் நிச்சயம்.

கவுன் அரை மணியில் முடிந்தது.
சட்டைதான் படுத்தியது.
முப்பது வருஷம் மறைத்தே பழகிய விரல்
கோணலாய் ஒன்று போடத் தெரியாமல்
மூன்று முறை பிரித்தது.

என் அப்பா போனது கொரோனா வருஷம், மன்னார்குடியில்.
கொள்ளி வைப்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு
அன்று மாலையே பதினாறு முகக்கவசம் தைத்தேன்.
நன்றாகவே தைத்தேன்.
ஒரு பிசிறு இல்லை.

நாலாவது முறை வந்தது,
பல் விழுந்த பிள்ளை சிரிக்கிற மாதிரி.

மறுநாள் தடவிப் பார்த்து, சரி என்றார்.
பத்துப் பேர் கிடைத்திருந்தார்கள்.
பத்தாவது ஆள் பெல்ஜியத்துச் சுற்றுலாப் பயணி,
காலில் கடற்கரைச் செருப்பு.

“தாடி?”
“நண்பர்கள் திட்டும் வரைக்கும் எடுக்கக் கூடாது.
ஆபீஸ்ல எல்லாரும் ரொம்ப நல்லவங்க லா.
ஒருத்தரும் திட்ட மாட்டேங்குறாங்க.”

காசு கொடுத்தார்.
போயிட்டு வரேன் சொல்லாமல் நகர்ந்தார்.
எஸ்கலேட்டர் பக்கம் போனவரைக் கூப்பிட்டேன்.

“அந்தத் தாடி ரொம்பக் கேவலமா இருக்கு!”

நின்று, தாடையைத் தொட்டுக்கொண்டார்.
“இன்னும் நாலு நாள் கழிச்சுத் திட்டுங்களேன்.”