ஓட்டைகள் உள்ளன

பின்னேரம் நாலு பத்துக்கு சர்வர் செத்தது.
தராசடியில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த நேரம்.
சிங்கப்பூரில் எங்கோ ஒரு குளிர் அறையில்
மாத வாடகைக்கு நாங்கள் எடுத்த
ஒரு ஜிபி நினைவகம்.
லயத்துக் காம்பராவேதான்:
பத்துக்குப் பன்னிரண்டு, ஆள் ஒன்பது.

நான் தலவாக்கலையில், பார்மசிக்கு மேல்மாடி.
மழை. கரண்ட் வந்து வந்து போகிறது.
ஜன்னலோரம் ஃபோனை வைத்தால் இரண்டு கோடு சிக்னல்,
மேசைக்குக் கொண்டுவந்தால் ஒன்றுமில்லை.
அதனால் லேப்டொப்பும் நானும்
ஜன்னல் கட்டையில்.

பதிவைத் திறந்தேன்.
இடம் போதவில்லையாம், ஆகவே
கர்னல் ஒருவரைப் பொறுக்கி எடுத்துக் கொன்றிருக்கிறது.
யாரை?
அதிகம் சுமந்தவரை. டேட்டாபேஸை.
பேர் வெட்டுவது தோட்டத்தில் பிறந்தவளுக்குப் புதிதா?

ஆனால் ஸ்வாப் இருக்க வேண்டுமே,
நெருக்கடிக்குச் சாமான் ஏற்றிவைக்கும் பரண்?
இரண்டு ஜிபி, போன வருஷம் ரெஜினோல்ட் போட்டது.
எவ்வளவு என்று கேட்டேன்.
மொத்தம் பூச்சியம்.
பாவனை பூச்சியம்.
மீதி பூச்சியம்.

கோப்பு இருக்கிறது. அளவு சரி. பூட்டும் சரி.
ஏற்றிப் பார்த்தால்
செல்லாது என்று முகத்தைத் திருப்புகிறது.
கர்னலின் முணுமுணுப்பைக் கீழே கீழே தோண்டினால்
ஒரே வரி:
ஸ்வாப் கோப்பில் ஓட்டைகள் உள்ளன.

ரெஜினோல்ட் அவசரக்காரன்.
அளவை மட்டும் அறிவித்துவிட்டு
கொழும்பு பஸ் ஏறிவிட்டான்.
வட்டில் அதற்கென்று ஒரு கட்டம்கூட ஒதுங்கவில்லை.
ஏழு பேர்ச் உங்களுக்குத்தான் என்று மேடையில் சொல்லி
உறுதி எழுதாத காணி.
ஒரு வருஷமாய் யாருக்கும் தெரியவில்லை.
மே மாசம், கொழுந்து பொங்கினதும் தெரிந்தது.

அழித்தேன். புதிதாய் நிரப்பத் தொடங்கினேன்,
மெகாபைட் மெகாபைட்டாய், பூச்சியத்தை,
இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு முறை.
வெறுமைதான்.
ஆனாலும் எழுதிவைத்த வெறுமை,
நாளைக்கு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

பாதியில் கரண்ட் போய் ரூட்டர் செத்து
வேலையும் செத்தது.
என் மடத்தனம், இணைப்பு அறுந்தாலும் ஓடும்படி
விட்டிருக்க வேண்டும்.
ஃபோன் சிக்னலில் மறுபடி முதலிலிருந்து.
கீழே பார்மசிக்காரர் ஷட்டரை இழுத்தார்.
மல்லியப்பூப் பக்கம் கடைசி ரயில் கூவிப்போனது.

பூட்டினேன். அடையாளம் இட்டேன். ஏற்றினேன்.
ஏறியது.
மறுபிறப்பிலும் ஞாபகம் இருக்கட்டும் என்று
தொடக்கப் பட்டியலில் ஒரு வரி,
எழுத்துப் பிழையை மூன்று தரம் பார்த்து.
பிறகு சர்வரை நானே ஒருமுறை கொன்று எழுப்பினேன்.
அந்த நாற்பது விநாடியில்
மூச்சு விட்டேனா தெரியாது.

பதினொன்று நாற்பது.
தராசடி ஃபோன்களில் தேங்கி நின்ற நிறையெல்லாம்
ஒவ்வொன்றாய் வந்து இறங்கியது.
பவளக்கொடி, பத்தொன்பது நாலு.
ஞானப்பூ, இருபத்தொன்று.
யோகமலர், பதினேழு ஆறு,
பக்கத்தில் தானாகவே: அரைப் பேர்.
பதினெட்டுக்குக் கீழ் என்றால் அரைப் பேர்.
அந்த நிபந்தனையை எழுதியது நான்தான்,
சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு மத்தியானத்தில்.
இன்றைக்கு மட்டும் பதினான்கு அரைப் பேர்.

அப்போதுதான் பார்த்தேன்,
பத்து இருபதுக்கு வந்து கேட்காமல் கிடந்த குரல் செய்தி.
கணக்கப்பிள்ளை வீரசேகரன். பின்னால் தகரத்தில் மழை.
"பிள்ள, கணக்கு போயிருந்தா போவட்டும்,
மெனக்கெடாத.
இன்னைக்கு எல்லாத்துக்கும்
முழுப் பேரே போடச் சொல்லிட்டாரு தொர."

இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன்.
திரையில்
ஸ்வாப்: மொத்தம் இரண்டாயிரத்து நாற்பத்தேழு,
பாவனை பன்னிரண்டு.
நன்றாக வேலை செய்கிறது.